மீனெண்ணெய் பூசிய மோட்டார் சைக்கிள்

என் மோட்டார் சைக்கிளைக் கொன்றது என் பெண்டாட்டிதான். நான் அப்போது பட்டணத்து ஆஸ்பத்திரியில் செத்துக்கொண்டிருந்தேன். அதனால் நேரில் பார்க்கும் பாக்கியம் கிடைக்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னதை வைத்துச் சொல்கிறேன்.

மாற்றுத்துணி எடுக்க ஊருக்கு வந்தவள், வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தாளாம். வீட்டுக்குள் போகவில்லை. நேராகப் படகுத் துறைக்கு, எங்கள் பேச்சில் ரேவுக்கு, போய்ப் படகில் கிடந்த நங்கூரக் கல்லைத் தூக்கி வந்தாளாம். முதல் அடியில் முன்விளக்கு போனது. அடுத்த அடியில் மீட்டர். அதற்கடுத்த அடி டாங்கியில் இறங்கியபோது பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டு வந்து அவள் புடவையெல்லாம் நனைந்ததாம். பக்கத்தில் பீடியோடு நின்ற ஒருத்தர், எரிகிற பீடியை அப்படியே வாய்க்குள் தள்ளி மென்று முழுங்கிவிட்டார் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அப்புறம் வண்டியை ரேவு வரைக்கும் தள்ளிப் போய், படகு கட்டும் மேடையிலிருந்து பழவேற்காடு ஏரிக்குள் உருட்டிவிட்டாள். யாரும் தடுக்கவில்லை. எங்கள் ஊரான தோணிரேவில் ஆம்பளைகள் அடித்துக்கொண்டால் விலக்கிவிட நாலு பேர் வருவார்கள். பொம்பளை கையில் நங்கூரக் கல் இருந்தால் அந்த நாலு பேருக்கும் அவசரமாக வேறு வேலை வந்துவிடும்.

அவளைக் குறை சொல்ல முடியாது. ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நண்டு வலை பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு திருக்கை என் வலது கெண்டைக்காலில் வாலைப் போட்டது. திருக்கை முள் ரம்பம் மாதிரி இருக்கும். உள்ளே போகும்போது ஒரு வலி, பிடுங்கும்போது ஒன்பது வலி. நான் என்ன செய்தேன்? புகையிலையும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக்கொண்டு, அதே காலால் வண்டியை உதைத்துக் கிளப்பி, நண்டுக் கூடையோடு பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போனேன். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன்.

“இன்னா யா கால் இது, இட்லி மாவு மாதிரி பொங்கினு கீது. ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா யா” என்று அவள் வாசலை மறித்தாள்.

“சும்மா கெட மே. திருக்கைக்குப் பயந்தா ஏரில மூஞ்சி கழுவ முடியுமா?” என்று சொல்லிவிட்டுக் கிக்கரை உதைத்தேன். இப்போது நினைத்தால், அந்தத் திருக்கை என் வாயில் குத்தியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

கடைசியில் வண்டியோடு சேர்ந்து ரோட்டில் விழுந்தேன். என்னை ஆஸ்பத்திரிக்கும் வண்டியை வீட்டு வாசலுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தது. கால் போகலாம், இல்லாவிட்டால் ஆளே போகலாம் என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அன்றைக்குத்தான் அவள் துணி எடுக்க ஊருக்கு வந்தது.

கால் போகவில்லை. ஆனால் மீன் துண்டு போடுகிற மாதிரி கெண்டைச் சதையைச் சீவி எடுத்தார்கள். தினமும் காலையில் கட்டைப் பிரித்து அழுகலைச் சுரண்டுவார்கள். இரண்டு பேர் தோளை அமுக்குவார்கள், ஒருவர் காலைப் பிடிப்பார். பக்கத்துக் கட்டில்காரர் தலையணையால் காதை மூடிக்கொள்வார். நான் கத்திய கெட்டவார்த்தைகளில் சில, முப்பது வருஷம் வேலை பார்த்த நர்ஸம்மாவுக்கே புதுசு. ஆயுசு முழுக்க எத்தனையோ மீனை உயிரோடு செதில் தேய்த்திருக்கிறேன். ஒரு மீன்கூட என்னைத் திட்டியதில்லை. மீன்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்தக் கட்டிலில்தான்.

ஊருக்குத் திரும்பி வந்தபோது என்னிடம் எலும்பும் நாக்கும் மட்டும்தான் மிச்சம். பழவேற்காட்டு டச்சுக்காரன் கல்லறை வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருப்பார்கள். பஸ் அந்தப் பக்கம் வந்தபோது என் மச்சான், அதாவது என் பெண்டாட்டியின் தம்பி, என் காதருகே குனிந்தான்.

“மாமா, இங்கியே எறங்கிக்கிறியா? மூணாவது ஆளு கேக்கறாங்களாம்.”

நான் சிரிப்பதற்குள் அவன் அக்கா அவன் பிடரியில் போட்ட போட்டில் பல்லோடு பல் இடித்த சத்தம் கேட்டது.

வீட்டு வாசலில் வண்டியைக் காணோம்.

“வண்டி எங்க மே?”

“ஏரில கீது.”

“ஏரில இன்னா பண்ணுது?”

“மீன் புடிக்குது.”

சேற்றுத் தண்ணீரில் ஒரு வருஷத்துக்குக் கால் வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏரியில் பிழைக்கிறவனிடம் தண்ணீரில் கால் வைக்காதே என்றால் அவன் எங்கே வைப்பான்? எனக்கு எழுத்து வேலை தெரியாது. எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லாததால் மழைக்குக்கூட அங்கே ஒதுங்கியதில்லை. எனக்கு மிச்சமிருந்த ஒரே வேலை, என்னைப் பெத்த நைனாவும் மற்றவர்களும் பிடிக்கிற இறாலையும் நண்டையும் பொன்னேரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதற்கு வண்டி வேண்டும். வண்டி இல்லாவிட்டால் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பெண்டாட்டி தண்ணீர்க் குடத்தோடு போன நேரம் பார்த்து, மச்சானையும் என் கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு ரேவுக்குப் போனேன். கூட்டாளி படகு இஞ்சின் ரிப்பேர் பார்ப்பவன். இரண்டு பேரும் முங்கிக் கயிறு கட்டி, பாரம் இழுக்கிற மாதிரி வண்டியை இழுத்துக் கரையேற்றினார்கள். சேறும் பாசியுமாக அது சுறா செத்து ஒதுங்கினதுபோல் கிடந்தது. சைலன்ஸரிலிருந்து சின்ன இறால்கள் ஒழுகின. சீட்டுக்கு அடியில் என்னமோ அசைகிறதே என்று மச்சான் கையை விட்டான். உள்ளே ஒரு கல் நண்டு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அவன் போட்ட கூச்சலில்தான் என் பெண்டாட்டிக்கு விஷயம் தெரிந்தது.

துடுப்போடு வந்தாள். நண்டு தொங்குகிற விரலோடு ஓடிய தம்பியின் முதுகில் ஒன்று. கூட்டாளியின் தொடையில் ஒன்று. என் பக்கம் திரும்பி ஓங்கினாள். ஓங்கிய துடுப்பு பாதியில் நின்றது.

“உன்ன அடிச்சா செத்துப் பூடுவ” என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அடிக்காமல் விட்டது அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரிக் கத்திகூட அவ்வளவு ஆழம் இறங்கவில்லை. நான் வண்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, “இது இல்லனா நானும் செத்த மாதிரிதான் மே” என்றேன்.

அவள் வண்டியைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள்.

“சரி யா. நம்ம பாடு வர்ற அன்னிக்கு, ஊரே பார்க்க, அந்தக் காலாலயே உதைச்சிக் கெளப்பு. எவனும் தள்ளக்கூடாது. எவனும் உனக்காக உதைக்கக்கூடாது. கெளம்பிச்சினா எடுத்துக்கினு போ. இல்லனா வண்டி பழைய இரும்புக்கு, நீ ஊட்டுக்கு. குந்திக்கினு எறாத் தலை கிள்ளு. இன்னா சொல்ற?”

எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறோம். அதற்குப் பேர்தான் பாடு. நல்ல இடம் நமக்கு முறை வருகிற நாளில் விடியற்காலையில் இறால் கூடை கூடையாக ஏறும். அன்றைக்கு வண்டி ஓடவில்லை என்றால் அப்புறம் ஓடி என்ன, ஓடாமல் என்ன. நான் தலையாட்டினேன்.

வண்டி வேலை ஆரம்பித்தது. வேலை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அது ஒரு நீண்ட அடிதடி. எங்கள் ஊரில் மிஷினுக்கும் மனுஷனுக்கும் ஒரே வைத்தியம்தான். பிஸ்டன் உப்பில் இறுகிக் கிடந்தது. கூட்டாளி டீசலை ஊற்றி ஊறவைத்து, புளியங்கட்டையை வைத்துச் சுத்தியலால் போட்டான். அது நகரவில்லை. பழவேற்காட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பாயைக் கூட்டி வந்தோம்.

“மெதுவா தட்டு பா. உள்ள இருக்கறது பிஸ்டனு, பாம்பு இல்ல” என்றார் பாய்.

“படகு இஞ்சின்ல நாங்க இப்பிடித்தான் பாய் அடிப்போம்” என்றான் கூட்டாளி.

“அதான் உங்க ஊரு படகெல்லாம் துடுப்புல வருது.”

இதற்கு மச்சான் சிரித்தான். சிரித்ததற்காகக் கூட்டாளி அவன்மேல் ஸ்பேனரை வீசினான். ஸ்பேனர் வாயில் பட்டு முன்பல் ஒன்று மணலில் விழுந்தது. மச்சான் பல்லைத் தேடவில்லை. சைக்கிள் செயினை எடுத்தான். பாய் ஒருவனைக் கட்டிப் பிடிக்க, நான் இன்னொருவன் காலைக் கட்டிப் பிடிக்க, அவன் உதறியதில் நான் கோழிக்கூண்டில் போய் விழுந்தேன். இத்தனை ரகளையிலும் ஒரு நல்லது நடந்தது. கூட்டாளி கோபத்தில் கடைசியாக ஒரு போடு போட்டான். பிஸ்டன் நகர்ந்துவிட்டது. இரண்டு பேரும் ரத்த வாயோடு கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

கார்புரேட்டரில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டால் பளிச்சென்று ஆகிறதே, இதற்கு மட்டும் ஆகாதா என்று மச்சானுக்கு யோசனை. அக்காவின் மீன் குழம்புச் சட்டியில் புளித் தண்ணீர் ஊற்றி, கார்புரேட்டரைப் போட்டுக் கொதிக்க வைத்தான். அவள் வந்து மூடியைத் திறந்து கரண்டியால் கிளறினாள். கரண்டியில் இரும்பு தட்டியது. சட்டி அவன் தலையில் உடைந்தது. கார்புரேட்டர் மட்டும் புதுப் பெண் மாதிரி மின்னியது.

பகலெல்லாம் இந்தக் கூத்து என்றால், சாயங்காலம் என் காலுக்குப் பயிற்சி. மச்சான் ஒரு பழைய டயரை வயிற்றில் கட்டிக்கொண்டு நிற்பான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலால் அதை உதைக்க வேண்டும்.

“இன்னா மாமா, உதைக்கிறியா, கும்பிடறியா?”

உதைத்தேன். அவன் நகரவில்லை. நான்தான் பின்னால் போய் விழுந்தேன். எழுந்து உதைத்தேன். வலியில் கண் இருட்டி வாந்தி எடுத்துவிட்டு உதைத்தேன். கெண்டைக்காலில் சதை இருந்த இடத்தில் தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல்தான். வெங்காயச் சருகு மாதிரி மினுங்கும். ஒருநாள் அவனைத் தவறி வேறு இடத்தில் உதைத்துவிட்டேன். அவன் மடங்கி உட்கார்ந்து, “தேறிட்ட மாமா” என்று முனகினான்.

டாங்கி ஓட்டையைப் பாய் அடைத்ததும் வண்டியும் தேறியது. ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணம் வந்திருந்தது. உதைத்தால் திருப்பி உதைத்தது. முதல் முறை கூட்டாளி கிக்கரை மிதித்தபோது அது எகிறியடித்து அவனை வேலி தாண்டி வீசியது. பாய் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் சரிசெய்தார். கோபம் குறைந்ததே தவிர முழுசாகப் போகவில்லை.

“இந்தக் கால்ல அந்த அடி வாங்கினினா எலும்பு முருங்கக்காய் மாதிரி ஒடியும் பா” என்று பாய் என்னிடம் தனியாகச் சொன்னார். “ஊட்ல சொல்லி, நாள தள்ளிப் போட்டுக்க.”

“ஊட்ல சொல்றதுக்கு அந்த உதையே மேல் பாய்” என்றேன்.

பாடு வருகிற நாளுக்கு முந்தின நாள் பொழுது சாயும்போது நைனா வண்டியைச் சுற்றி வந்தார். அவர் என்னோடு அதிகம் பேச மாட்டார். பேசுவதாக இருந்தால் கையில் செருப்போடுதான் வருவார். அன்றைக்குச் செருப்பு இல்லை, ஒரு தகர டப்பா இருந்தது. பார்த்துக்கொண்டே போனேன், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

விடிந்தபோது வலை நிறைந்திருந்தது. ஐஸ் போட்ட இறால் கூடைகள் ரேவில் வரிசையாக இருந்தன. ஊரே நின்றது. என் பெண்டாட்டி கூடைகளுக்குப் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஏறி நின்று கிக்கரில் காலை வைத்தேன். உதைத்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி உதைத்தேன். வண்டி ஒரு இருமல் இருமியது. கூட்டம் “ஹோ” என்றது. பல்லைக் கடித்து, உடம்பின் எலும்பையெல்லாம் ஒரு காலில் திரட்டி மிதித்தேன். பாதம் வழுக்கிக்கொண்டு போனது. கிக்கர் விருட்டென்று மேலே எகிறி, ஒட்டுப் போட்ட தோலில் நேராக அடித்தது. எலும்பு ஒடியவில்லை. ஆனால் தோல் கிழிந்தது. ரத்தம் குதிகால் வரை வழிந்து மணலில் சொட்டியது. நான் வண்டியைக் கட்டிப் பிடித்தபடியே கீழே சரிந்தேன்.

“நீ வேலை பார்த்த லட்சணம்டா இது!” என்று மச்சான் கூட்டாளியின் சட்டையைப் பிடித்தான்.

கூட்டாளி அவனைத் தள்ளிவிட்டுக் கிக்கரைத் தொட்டான். விரலை மோந்து பார்த்தான். “மீனெண்ண! எந்தப் பேமானிடா இதுல மீனெண்ண பூசினது?”

“நான்தான்டா” என்றார் நைனா. “படகத் தண்ணில எறக்கறதுக்கு முன்ன எண்ண பூச மாட்ட? உப்புக் காத்து இது. வண்டி முச்சூடும் பூசினேன். இன்னாடா இப்போ?”

உண்மைதான். சுறா ஈரலில் காய்ச்சி, படகுப் பலகைக்குப் பூசுகிற எண்ணெய். டாங்கி, இஞ்சின், சைலன்ஸர், கிக்கர் ரப்பர் என்று ஒரு இடம் பாக்கியில்லாமல் பூசியிருந்தார். வண்டியில் வழுக்கக்கூடாத ஒரே இடத்தில் இரண்டு கோட்டிங்.

கூட்டாளி நைனாவைப் பார்த்துக் கை ஓங்கினான். மச்சான் ஓங்கிய கையை முறுக்கினான். விலக்கப் போன பாயின் மூக்கில் யாருடைய முட்டியோ இறங்கியது. நைனா தோணி தள்ளுகிற கழியை எடுத்தார். யார் யாரை அடிக்கிறார்கள் என்று தெரியவில்லை. எங்கள் பாட்டில் பங்குள்ளவர்கள் பாதிப்பேர் இந்தப் பக்கம், பாதிப்பேர் அந்தப் பக்கம் இறங்கிவிட்டார்கள். நான் நடுவில் தரையில் கிடந்து, காலைப் பிடித்துக்கொண்டு, இறாலில் ஐஸ் உருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோற்றுவிட்டேன். இனி வீடுதான்.

என் பெண்டாட்டி எழுந்தாள். என்னைத் தாண்டிப் போனாள். விலாங்கு பிடிக்கிறவர்கள் கையில் மணல் தொட்டுக்கொள்வார்களே, அதுபோல் ஒரு பிடி மணலை அள்ளிக் கிக்கரில் அழுத்தித் தேய்த்தாள். புடவையை வரிந்து சொருகினாள்.

“உன்னாலதானே,” என்றாள். என்னிடம் இல்லை, வண்டியிடம். “ஏரில முங்கடிச்சும் சாவல இல்ல நீ?”

மிதித்தாள். வண்டி திருப்பி உதைத்தது. அவள் எகிறிப் போய் வலைக் குவியலில் விழுந்தாள். சண்டை நின்றுவிட்டது. எழுந்து வந்தாள். மறுபடி மிதித்தாள். நங்கூரக் கல்லைத் தூக்கின உடம்பு அது. அவள் அந்த வண்டியை எவ்வளவு வெறுத்தாளோ அவ்வளவும் அந்த ஒரு மிதியில் இறங்கியது. வண்டி வெடித்துக்கொண்டு கிளம்பியது.

கூடவே சைலன்ஸரிலிருந்து வெள்ளைப் புகை எழும்பியது. சூட்டில் மீனெண்ணெய் பொரிய, ஊர் நாய்கள் அத்தனையும் ஊளையிட்டுக்கொண்டு ஓடி வந்தன. பருந்துகள் தலைக்கு மேல் வட்டமடித்தன.

“மே, அப்போ பந்தயம்?” என்றேன் தரையிலிருந்து.

“ரத்தம் கொட்டிக்கினு கீது, பந்தயம் பேசறான் கஸ்மாலம். ஏறு யா!”

முந்தானையைக் கிழித்துக் காலைச் சுற்றி ரத்தம் நிற்கிற மாதிரி இறுக்கிக் கட்டினாள். கூடைகளைக் கட்டிவிட்டு அவற்றின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். பழவேற்காட்டுக் கடைத்தெரு முடிகிறவரை நாய்கள் விடவில்லை. ஒன்று என் லுங்கியைக் கவ்வியது. அவள் தராசுக் கல்லால் அதன் மண்டையில் போட்டாள்.

பொன்னேரியில் மார்க்கெட் பக்கம் திருப்பினேன். முதுகில் குத்து விழுந்தது.

“ஆஸ்பத்திரிக்குப் போ.”

“எறா நாறிடும் மே. ஐஸு உருகுது.”

“நாறட்டும். நீ நாறினத நான் மோந்து பார்த்தவ.”

வண்டியை மறுபடி திருப்பினேன். ஆஸ்பத்திரிக்கே விட்டேன்.

ஊசி போட்டார்கள், தையல் போட்டார்கள். கத்தினேன். நொண்டிக்கொண்டு வெளியே வந்தால் கேட்டுக்கு முன்னால் ஒரே கூட்டம். நோயாளியைப் பார்க்க வந்தவர்கள், ஆயாம்மாக்கள், ஆட்டோக்காரர்கள் எல்லோரும் என் வண்டியைச் சுற்றி நின்று இறால் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கூடை காலி. அடுத்த கூடையிலும் பாதிதான் இருந்தது. வாட்ச்மேனின் கம்பு என் பெண்டாட்டி கையில் இருந்தது. வாட்ச்மேன் சுவரோடு ஒட்டி நின்றார்.

“இங்கலாம் விக்கக்கூடாதுனு சொன்னேன் பா” என்றார் என்னிடம், புகார் கொடுக்கிற மாதிரி.

“நானும் நெறய சொல்லிக் கீறேன் அண்ணே” என்றேன்.

கிக்கர் பக்கம் காலை நகர்த்தினேன்.

“அதுமேல கால் வெச்சினா இன்னொரு காலயும் சேர்த்துத் தைக்கச் சொல்லுவேன். தள்ளு யா” என்றாள். கம்பை வாட்ச்மேன்மேல் எறிந்துவிட்டு, ஊர்பேர் தெரியாத அத்தனை ஆம்பளைகள் பார்க்கப் புடவையைச் சொருகிக்கொண்டு, ஒரே மிதி. வண்டி கிளம்பியது.

வாட்ச்மேன் என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். “தெனமும் வண்டிய இப்பிடித்தான் உதைப்பாங்களா?”

“வண்டிய மட்டும் உதைச்சா நான் ஏன் அண்ணே ஆஸ்பத்திரிக்கு வர்றேன்?”

பின்னால் ஏறியவள் காதில் அது விழுந்துவிட்டது. கிளட்சை விடுவதற்குள் பிடரியில் ஒன்று வைத்தாள். மிச்ச இறாலோடு மார்க்கெட் பக்கம் வண்டியைத் திருப்பினேன்.